பதினான்காவது விசிட்டர்

"சாமி தானாவே நடந்து வருதா மாமா?"

கவியா இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. போன வருஷம் ஆடித் திருவிழா முடிந்த மறுநாள் அது. பொன்னியம்மன் ஊர்வலத்தை மாசானம் இருநூற்றுப் பதினான்கு படங்கள் எடுத்திருந்தான். அவற்றை லேப்டாப்பில் ஒவ்வொன்றாகப் போட்டு, வீட்டுக்காரர் பாண்டுரங்கன் குடும்பத்துக்குப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தான்.

"தானா எப்படி வரும்? ஒங்க தாத்தால்லா தூக்கிட்டு வாராரு."

"தாத்தா எங்க?"

மாசானம் தேடினான். அம்மனின் கிரீடம் இருந்தது. மூக்குத்தி இருந்தது. எலுமிச்சை மாலையில் ஒவ்வொரு பழத்தின் காம்பும் துல்லியமாக இருந்தது. பல்லக்குக்குக் கீழே மனிதர்கள் இருந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. கடைசியில் இருபத்தாறாவது படத்தில் ஒரு காது அகப்பட்டது.

"இதான் தாத்தா" என்றான்.

பாண்டுரங்கனின் மனைவி லீலா கிட்டே வந்து பார்த்தாள். "இது அவரு காது இல்ல தம்பி. அவரு காதுல முடி கீது."

பாண்டுரங்கன் சிரித்தார். "உடு தம்பி. அம்மா நல்லா வந்துகீறா இல்ல, அது போதும்."

சொன்னாரே தவிர, படங்களை முதலிலிருந்து இன்னொரு தடவை போடச் சொன்னார். இரண்டாம் தடவையும் தன்னைக் காணாமல், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போனார். மாடு அப்போதுதான் தண்ணீர் குடித்திருந்தது.

அந்த ஒரு வருஷமும் அந்தக் கேள்வி மாசானத்தின் நெஞ்சில் மீன் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. அவன் திருநெல்வேலிப் பக்கம். ஒரகடம் சாலையில், கார் இருக்கை தைக்கும் கம்பெனியில், மூன்றாம் லைனில் வேலை. பென்னலூரில் பாண்டுரங்கன் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தான். ஓ.டி. பார்த்துச் சேர்த்து ஒரு பழைய கேமரா வாங்கி, லீவு கிடைக்கும் நாளெல்லாம் எந்த ஊரில் தீமிதி, எந்த ஊரில் கொடை என்று அலைகிறவன். சாமியைப் படம் எடுக்கத் தெரிந்த தனக்கு, சாமியைச் சுமக்கிறவர் கண்ணில் படாமல் போனாரே என்று வெட்கப்பட்டான்.

இந்த வருஷம் அந்த வெட்கத்தோடு அவசரமும் சேர்ந்துகொண்டது. பாண்டுரங்கனின் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "இந்த ஒரு வருசம் மட்டும் தூக்கிடறேன். அப்பால வேற யாராவது தோள் குடுக்கட்டும்" என்று அம்மனிடம் அவர் உத்தரவு வாங்கியிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக முன்பக்கத்து வலது கம்பு அவருடையது. அவர் அம்மனைத் தூக்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. இன்று மாலை எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஊருக்குள் எடுப்பது நடவாத காரியம். தெருவில் இரண்டு பக்கமும் கூட்டம், தட்டேந்திய பெண்கள், ஆளுக்கொரு செல்போன். பல்லக்கின் மேல் ஒரு பெரிய குடை. முன்னால் தொங்கும் மாலைகள் தூக்குகிறவர்களின் முகத்தைத் திரை போட்டு மறைத்துவிடும்.

மாசானம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். ஊரின் எல்லைக் கல் இப்போது அவனுடைய கம்பெனியின் மதிலுக்குள், பார்க்கிங்குக்குப் பக்கத்தில் இருந்தது. கம்பெனி வருவதற்கு முன்னால் அது புளியந்தோப்பு. தோப்புப் போனாலும் கல்லை அசைக்கவில்லை. வருஷத்துக்கு ஒருநாள், ஆடி மூன்றாம் ஞாயிறு, பல்லக்கு உள்ளே வந்து கல்லை மூன்று சுற்றுச் சுற்றிப் பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போகும். தூக்கும் எட்டுப் பேர், பூசாரி, பம்பைக்காரர் மூன்று பேர், கோயில் கமிட்டித் தலைவர் வெங்கடேசன் ஆகப் பதின்மூன்று பேருக்கு மட்டும் அனுமதி. கூட்டம் உள்ளே வராது. எல்லைக் கல்லிடம் பக்கவாட்டில் நின்றால், மாலை மறைக்காமல் பாண்டுரங்கன் முழுசாகக் கிடைப்பார்.

ஒரே ஒரு தடை. கம்பெனிக்குள் போட்டோ எடுக்கக் கூடாது. வாசலில் செல்போன் லென்ஸ்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். மாசானம் அதற்கும் எச்.ஆரில் ஒரு மாதம் நடந்து லெட்டர் வாங்கிவிட்டான்.

மாலை ஐந்தரைக்கு அந்த லெட்டரோடு கேட்டில் போய் நின்றான். செக்யூரிட்டி சூப்பர்வைசர் நம்பிராஜன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அவரும் தெற்கத்திக்காரர்தான். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம்.

"'ஒரு கேமரா உள்ளே கொண்டுசெல்ல அனுமதிக்கப்படுகிறது.' சரி, கொண்டு போ. ஆரு வேண்டாங்கா?"

மாசானத்துக்கு உச்சி குளிர்ந்தது. "ரொம்ப நன்றி அண்ணாச்சி."

நம்பிராஜன் மேசை டிராயரிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்தார். "லென்ஸ நீட்டு."

"ஸ்டிக்கர் ஒட்டுனா எப்படி போட்டோ எடுக்க?"

"போட்டோ எடுக்கன்னு லெட்டர்ல இல்லியே. கொண்டு போகத்தான போட்டிருக்கு."

"அண்ணாச்சி, வெளையாடாதீங்க."

"டூட்டில என்னல வெளையாட்டு? இந்தா பாரு, மஞ்சக் கோடு தெரியுதுல்லா? அதுக்கு அங்கிட்டு ரோடு. அங்கன நீ என்ன வேணும்னாலும் எடு, ஒரு பய கேக்கமாட்டான். இங்கிட்டு கம்பெனி. என் சர்வீஸ்ல ஒரு கேமராவும் கண்ணத் தொறந்துட்டு உள்ள போனதில்ல."

மாசானம் கேமராவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். இந்த மனிதருக்காக நான்கு மாதத்துக்கு முன்னால் அவன் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறான். பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் குலசாமி சாஸ்தா கோயிலுக்குப் போக, நம்பிராஜனுக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. ஊருக்குப் போன மாசானம், அவர் ஊரில் இறங்கி, வெயிலில் வாய்க்கால் கரையோடு நடந்து, அவருடைய சாஸ்தாவைப் படம் எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கிப் பார்த்தவர் "சரி" என்று மட்டும் சொன்னார். படம் இப்போது கேபினுக்குள், கண்காணிப்புக் கேமராத் திரைகளுக்கு மேலே தொங்குகிறது. தினம் அதற்கு ஒரு செம்பருத்தி வைக்கிறார். கொண்டுவந்தவனுக்கு ஸ்டிக்கர் ஒட்டப் பார்க்கிறார்.

தூரத்தில் பம்பைச் சத்தம் கேட்டது. ஊர்வலம் பெரிய ரோட்டுக்கு ஏறிவிட்டது. ஆத்திரத்தில் மாசானத்தின் வாய் ஒரு காரியம் செய்தது.

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான? அந்தா வாராங்களே, அவங்கள மட்டும் ரிஜிஸ்தர்ல எழுதாம விடுதீங்க?"

நம்பிராஜன் கண்ணாடியைக் கழற்றினார். அவனைப் பார்த்தார். மஞ்சள் கோட்டைப் பார்த்தார். மேற்கே, ஷெட்டுக் கூரைக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்த சூரியனைப் பார்த்தார்.

"நல்ல கேள்வி கேட்டல" என்றார். "எழுதத்தான் வேணும்."

எழுந்து போய்க் கேட்டைச் சாத்தினார்.

பல்லக்கு வந்து சேர்ந்தது. பம்பையும் உடுக்கையும் சேர்ந்து அடித்ததில் மாசானத்தின் விலா எலும்பு அதிர்ந்தது. மஞ்சள் புடவைப் பெண்கள், வேப்பிலை, சாம்பிராணிப் புகை. நடுவில் பொன்னியம்மன் ஊரையே ஒரு பார்வையில் அடக்குகிற மாதிரி வந்தாள். நம்பிராஜன் மஞ்சள் கோட்டில் நின்று, லாரியை நிறுத்துவதுபோல உள்ளங்கையைக் காட்டினார்.

வெங்கடேசன் முன்னால் வந்தார். "இன்னா சார், கேட்ட சாத்திக்கினு? எப்பவும் தொறந்து உட்டுடுவீங்களே."

"எல்லாரையும் ரிஜிஸ்தர்ல எழுதணும். இந்த மாசானம் தம்பி சட்டம் கேட்டிருக்கு."

ஊரே திரும்பி மாசானத்தைப் பார்த்தது. அவன் வேப்பிலைக்குப் பின்னால் ஒளிய முயன்றான்.

"டேய் கேமரா, இன்னாடா பண்ணி வச்சே?" என்றார் வெங்கடேசன்.

எல்லைக் கல்லுக்குப் போய்ச் சேருமுன் அம்மனைத் தரையில் இறக்கக் கூடாது. பல்லக்குக் கம்புகளுக்கு அடியில் நான்கு கவைக் கம்புகளை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். அப்படி நிற்கும்போதும் முன்பக்கத்து வலது ஆள் கம்பிலிருந்து கையை எடுக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். பாண்டுரங்கன் ஒரு கையைக் கம்பில் வைத்துக்கொண்டு, மறுகையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நம்பிராஜன் கேபினுக்குள் போய்த் தன்னுடைய நாற்காலியை எடுத்துவந்து அவர் பக்கத்தில் போட்டார்.

"இருங்க பெரியவரே. பல்லக்கக் கொஞ்சம் மேக்கப் பாத்துத் திருப்புங்கப்பா. லாரி வந்தா இடிக்கும்."

திருப்பினார்கள்.

"கூட்டம் எல்லாம் செவுத்தோரம் போங்க. தூக்குதவங்க மட்டும் இங்கன நிக்கட்டும். அங்க கிளியம்மா மோர் வச்சிருக்கா, போய்க் குடிங்க."

ஹவுஸ்கீப்பிங் கிளியம்மாள் எங்கிருந்தோ இரண்டு வாளி மோரோடு வந்து நின்றாள். கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

"மாலை கால்ல தட்டுதுல்லா. யாராவது விழுந்தா ஆக்ஸிடெண்ட் ரிப்போர்ட் யாரு எழுத? தூக்கிக் கட்டுங்க. குடைய மடக்குங்க. மேல கேபிள் போவுது."

மாசானத்தால் பொறுக்க முடியவில்லை. அம்மனுக்குக் குடையை மடக்கச் சொல்ல இவர் யார்? "கேபிள் இருபதடி ஒயரத்துல போவுது. நீங்க புடிங்க" என்று குடைக்காரரிடம் சொன்னான். குடை மறுபடி விரிந்தது. நம்பிராஜன் அவனைப் பார்த்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஏல, நீ ஏன் இங்கன மேசப் பக்கம் நிக்க? போய் ரோட்டுல நில்லேன். வெளிச்சம் நல்லாருக்கு பாரு."

'குத்திக் காட்டுகிறார்' என்று மாசானம் நினைத்துக்கொண்டான். "நான் எங்கயும் போமாட்டேன். நீங்க சீக்கிரம் எழுதி முடிங்க."

அவர் ரிஜிஸ்தரை விரித்து எழுத ஆரம்பித்தார். ஒவ்வொருவர் பேரையும் இரண்டு தடவை கேட்டார். பேனாவை உதறினார். பூசாரி பெயருக்கு ஒற்றெழுத்து வருமா என்று விசாரித்தார். பத்து நிமிஷம் ஓடியது. உள்ளேயிருந்து முதல் ஷிப்ட் ஓ.டி. முடிந்த ஆட்கள் வெளியே வந்து, அம்மனைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாகக் கும்பிட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்ட பெண்கள் இறங்கி வந்து குலவையிட்டார்கள். திருவிழா கேட்டு வாசலிலேயே களைகட்டிவிட்டது. மாசானம் மட்டும் சூரியனையும் பேனாவையும் மாறி மாறிப் பார்த்துத் தவித்துக்கொண்டிருந்தான்.

பொறுக்காமல் அவன் சேஃப்டி அதிகாரி சுகப்பிரியாவுக்குப் போன் போட்டான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நம்பிராஜன் அடங்கிவிடுவார் என்பது அவன் கணக்கு.

"மேடம், சாமி வாசல்ல நிக்கி மேடம். கொஞ்சம் உள்ள விடச் சொல்லுங்க."

"வரட்டுமே. எல்லாரும் ஹெல்மெட் போட்டிருக்காங்களா?"

"ஹெல்மெட்டா?"

"போன மாசம் சர்க்குலர் அனுப்பினேனே, படிக்கலையா? பார்க்கிங் பக்கத்துல கட்டட வேலை நடக்குது. கற்பூரம் ஏத்துவாங்களா?"

மாசானத்துக்குப் பொய் சொல்ல வராது. "ஏத்துவாங்க மேடம்."

"அப்ப நெருப்பு வேலைக்கான பெர்மிட் வேணும். ரெண்டு தீயணைப்பான் பக்கத்துல இருக்கணும். நான் ஆள் அனுப்பறேன்."

போனை வைத்தபோது நம்பிராஜன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் உண்மையான கலவரம் தெரிந்தது. "ஏல, ஒன்ன யாரு போன் போடச் சொன்னா?"

ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேர் சிவப்பு சிலிண்டர்களோடு வந்து அம்மனுக்கு இருபுறமும் துவாரபாலகர்கள்போல நின்றார்கள். பின்னாலேயே ஒரு கூடை வெள்ளை ஹெல்மெட்டுகள் வந்தன. பம்பைக்காரர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "சத்தம் நல்லா கீதே" என்று அதிலும் இரண்டு அடி அடித்தார். சிரிப்பு எழுந்தது.

சிலிண்டர்காரர் அம்மனையும் கூடையில் மிச்சம் இருந்த ஒரு ஹெல்மெட்டையும் தயக்கத்தோடு பார்த்தார்.

"அத்தெல்லாம் வேணாம்" என்றார் வெங்கடேசன். "அம்மாவுக்குக் கிரீடம் கீது."

ரிஜிஸ்தரில் பதின்மூன்று பேர் முடிந்தார்கள். கழுத்தில் ஆளுக்கொரு விசிட்டர் அட்டை தொங்கியது. மாசானம் மூச்சு விட்டான். "முடிஞ்சுதுல்லா? கேட்டத் தொறங்க."

நம்பிராஜன் விரலால் எண்ணினார். "உள்ள போறது பதினாலு பேருல்லா."

"பதினாலாவது யாரு?"

அவர் பல்லக்கைக் காட்டினார்.

வெங்கடேசன் தலையில் கை வைத்தார். ஆனால் பூசாரி உற்சாகமாக முன்னால் வந்துவிட்டார். அம்மனைப் பற்றிக் கேட்டால் அவருக்கு அலுப்பே கிடையாது.

"பேரு?"

"பொன்னியம்மன்."

"இனிஷியல்?"

"அப்பா பேரு தெரியாதே சார். அவதான் எல்லாருக்கும் அம்மா."

"ஊரு?"

"பென்னலூரு."

"அடையாள அட்டை?"

"சூலம் கீது."

"போன் நம்பர்?"

"என் நம்பர் போட்டுக்கோ."

"ஒம்ம நம்பருக்குக் கூப்பிட்டா அவ எடுப்பாளாவே?"

"நம்பரே வேணாம் சார்" என்றார் பூசாரி. "மனசாரக் கூப்ட்டா எடுப்பா."

கூட்டத்தில் யாரோ "ஓம் சக்தி" என்றார்கள். நம்பிராஜன்கூட ஒரு நொடி பேனாவைத் தாழ்த்தினார்.

"யாரப் பாக்கணும்?"

"எல்லைக் கல்ல."

"கல்லுக்கு எம்ப்ளாயி நம்பர் கெடையாது. உள்ள வேல பாக்குத ஆளு பேரு ஒண்ணு வேணும்."

பூசாரி வெங்கடேசனைப் பார்த்தார். வெங்கடேசன் மாசானத்தைப் பார்த்தார். மாசானத்துக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. மணி ஆறே கால். சூரியன் ஷெட்டின் விளிம்பைத் தொட்டுவிட்டது. இனிமேல் எல்லைக் கல்லுக்குப் போனாலும் வெளிச்சம் இருக்காது. லென்ஸில் ஸ்டிக்கரும் இருக்கும். ஒரு வருஷமாகக் காத்திருந்ததைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தான். மஞ்சள் கோட்டைத் தாண்டி, ரோட்டோரம் நடைபாதைக் கல்லில் போய் உட்கார்ந்துவிட்டான்.

"சரி, அத நான் பாத்துக்கிடுதேன்" என்று நம்பிராஜன் சொன்னது பின்னால் கேட்டது. "குடைய மட்டும் மடக்குங்க. இந்தத் தடவ கேட்டு ஆர்ச்சுல இடிக்கும்."

கவியா மோர் மீசையோடு ஓடிவந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, தாத்தா தொப்பி போட்டுகினு கீறாரு பாரேன்."

மாசானம் தலையைத் தூக்கினான்.

பாண்டுரங்கன் நாற்காலியிலிருந்து எழுந்து, தோளில் துண்டை மடித்துப் போட்டு, கம்புக்குக் கீழே தோளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கவைக் கம்புகள் விலகின. எட்டுப் பேரின் தோளிலும் பாரம் இறங்கியது. முன்னால் கூட்டம் இல்லை. மாலை இல்லை. குடை இல்லை. ஷெட்டுக் கூரைக்கு அடியில் நுழைந்து வந்த கடைசி வெயில் பல்லக்கின் அடிவயிறு வரைக்கும் பாய்ந்து, அவர் முகத்தில் மஞ்சள் அரைத்துப் பூசினாற்போல நின்றது. தலையில் சாய்ந்த வெள்ளை ஹெல்மெட், கழுத்தில் விசிட்டர் அட்டை, கழுத்து நரம்பு புடைத்த பாரம். அவ்வளவுக்கும் நடுவில் அவர், தன் தோளுக்கு மேல் இருப்பவளை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். அவளும் குனிந்து பார்ப்பதுபோல இருந்தது.

மாசானத்தின் கை தானாக எழுந்தது. ஒரே ஒரு தடவை அழுத்தினான்.

அடுத்த நொடி கேட்டு திறந்தது.

உள்ளே போனபோது நம்பிராஜன் மறக்காமல் லென்ஸில் ஸ்டிக்கர் ஒட்டினார். இந்தத் தடவை மாசானமே லென்ஸை நீட்டியிருந்தான். எல்லைக் கல்லைப் பல்லக்கு மூன்று சுற்றுச் சுற்றியபோது, கேமரா கழுத்தில் கண்மூடிக் கிடக்க, அவன் வெறுங்கண்ணால் பார்த்தான். எத்தனையோ திருவிழாக்களுக்குப் போயிருக்கிறான். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டது எப்போது என்று யோசித்தான். நினைவு வரவில்லை. கும்பிட்டான். அந்த ஒரு படம் அம்மன் போட்ட பிச்சை என்று உறுதியாக நம்பினான். அது பொய் என்று நாம் சொல்ல முடியாது.

புதன்கிழமை பிரிண்ட் வந்தது. பாண்டுரங்கன் வெகுநேரம் பார்த்தார்.

"ஹெல்மெட்ட கழட்டிகினு எடுத்துருக்கலாம்" என்றார். அன்று அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகவில்லை.

"தாத்தாதான் தூக்குறாரு" என்று கவியா படத்தில் விரல் வைத்துச் சொன்னாள். லீலா காதைச் சோதித்துவிட்டுத் தலையாட்டினாள்.

இன்னொரு பிரதி மாசானத்திடம் இருந்தது. அதனோடு ஒரு கடிதமும் இருந்தது. அம்மனை நாற்பது நிமிஷம் வாசலில் காக்க வைத்த செக்யூரிட்டி சூப்பர்வைசர்மேல் எச்.ஆருக்கு அவன் எழுதிய புகார். வியாழக்கிழமை காலை ஷிப்டுக்கு முன்னால் அதைக் கேட்டுப் பக்கத்துப் பெட்டியில் போட வந்தான். கிளியம்மாள் பெருக்கிக்கொண்டிருந்தாள். மனம் கேட்காமல் அவளுக்குப் படத்தைக் காட்டினான்.

"ஐயே, சூப்பரா கீதுப்பா" என்றவள், படத்தின் ஓரத்தை உற்றுப் பார்த்தாள். "இவுரும் வுழுந்துகீறாரே."

மாசானம் அதுவரை கவனிக்கவில்லை. படத்தின் இடது மூலையில், பாதி நிழலில், நம்பிராஜன் கேட்டுத் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றிருந்தார். எல்லாரும் அம்மனைப் பார்க்க, அவர் மட்டும் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தாள் பண்ண கூத்து இருக்குதே" என்று கிளியம்மாள் சிரித்தாள். "காலையிலேயே என்னைக் கூப்ட்டு, 'சாயங்காலம் ரெண்டு வாளி மோர் கரைச்சு வை, சாமி கொஞ்சம் நேரம் வெளிய நிக்கும்'னாரு. அப்பால பேர் எழுதறேன்னு நாப்பது நிமிசம் இழுத்தாரே, நான் பின்னாடிதான் நின்னுகினு இருந்தேன். பதிமூணு பேர் முடியற வரிக்கும் பேனா மூடியே தொறக்கல தம்பி."

மாசானம் கடிதத்தைப் பெட்டியில் போடாமல் கேபின் பக்கம் திரும்பினான்.

கேபினில் யாரும் இல்லை. நம்பிராஜன் ரவுண்ட்ஸ் போயிருந்தார். கிளியம்மாள் வாளியைத் தூக்கிக்கொண்டு கேண்டீன் பக்கம் நடந்துவிட்டாள். மாசானம் உள்ளே போனான். சுவரிலிருந்த சாஸ்தாவுக்கு இன்றைய செம்பருத்தி வைத்தாகிவிட்டது. அவன் ரிஜிஸ்தரைத் திறந்து ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் தேடினான்.

பதின்மூன்று பேரில் ஒருவர் பெயரும் இல்லை. அந்த மாலைக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது, அடித்தல் திருத்தல் இல்லாமல், பள்ளிக்கூடத்துப் பையன் கையெழுத்தில்.

அவன் கடிதத்தை நான்காகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். படத்தை அந்தப் பக்கத்தின் நடுவில் வைத்தான். மூடுவதற்கு முன்னால் அந்த வரியை இன்னொரு தடவை படித்தான்.

பெயர்: பொன்னியம்மன். ஊர்: பென்னலூர். யாரைப் பார்க்க: மாசானம், மூன்றாம் லைன். நோக்கம்: போட்டோ.